திருமலையிலிருந்து ஒன்ராறியோவுக்கு: சட்டம் படிக்க நினைக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு

இந்தப் பங்குனியில் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு பின்னேரம் உப்புவெளியில் பெரியம்மா வீட்டு விறாந்தையில் இருக்கும்போது பக்கத்து வீட்டு மாமி மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பொலித்தீன் உறை. உள்ளே மகளின் உயர்தரப் பெறுபேறு, பிறப்புச் சான்றிதழ், கனடா நிரந்தர வதிவிடக் கடிதம். ஓகஸ்டில் குடும்பமாக ஸ்காபரோவுக்குப் போகிறார்கள். பிள்ளைக்குச் செப்டெம்பரில் கம்பஸ் தொடங்குகிறது.

"இவள் லோயராக வேணும் எண்டு நிக்கிறாள். அங்க போய் நேரா லோ படிக்கலாம்தானே?" என்று மாமி கேட்டார்.

பத்து வருடங்களுக்கு முன் இதே கேள்வியோடுதான் நானும் அங்கே போய் இறங்கினேன். அன்றைக்கு மாமிக்குச் சொன்னதை, இப்போது வந்து இறங்கியிருக்கும் உங்களுக்கும் எழுதி வைக்கிறேன். முதல் பட்டத்தோடு சட்டத்தை ஒரு ‘மைனராக’, அதாவது துணைப்பாடமாக, எடுக்கலாமா என்பதும் அதில் உண்டு.

எங்கள் நாட்டில் உயர்தரம் முடிந்த கையோடு கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ எல்.எல்.பி. படிக்கலாம், இல்லையென்றால் நுழைவுத்தேர்வு எழுதிச் சட்டக்கல்லூரிக்குப் போகலாம். பத்தொன்பது வயதில் வழி முடிவாகிவிடும். ஒன்ராறியோவில் அப்படி இல்லை. முதலில் வேறொரு பட்டப்படிப்பு. அதில் குறைந்தது மூன்று வருடமாவது முடித்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் நாலு வருடப் பட்டத்தோடுதான் உள்ளே போகிறார்கள். அதற்குப் பிறகு சட்டப்பள்ளியில் மூன்று வருடம், ஜே.டி. பட்டம். அப்புறம் உரிமத் தேர்வுகளும் பயிற்சியும். (கியூபெக்கின் முறை வேறு. அதை இங்கே எழுதவில்லை.) மாமியின் முகம் வாடிவிட்டது. ஏழு வருடம் என்றால் யாருக்கும் வாடத்தான் செய்யும். ஆனால் அந்த முதல் நாலு வருடம் வெறுமனே காத்திருக்கும் காலம் இல்லை. மைனர் என்ற பேச்சு வருவதும் அங்கேதான்.

பட்டத்தில் முதன்மையாகப் படிப்பது மேஜர். பக்கத்தில் சிறிய அளவில் படிப்பது மைனர். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கு 20 கிரெடிட் வேண்டும். மைனருக்கு 4 கிரெடிட் போதும். அதாவது அரை வருடப் பாடங்கள் எட்டு. சட்டம் சார்ந்த பாடங்கள் பல கம்பஸ்களில் பல பெயர்களில் இருக்கும். ஒட்டாவாவின் கார்ல்டனில் சட்டத்துக்கென்று தனித் துறையே உண்டு. யோர்க்கில் ‘சட்டமும் சமூகமும்’ என்ற பாடநெறி இருக்கிறது. மற்ற இடங்களில் குற்றவியல், அரசறிவியல், மெய்யியல் துறைகளுக்குள் தேடிப் பார்க்க வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவின் எட்டுச் சட்டப்பள்ளிகளில் எதுவும் சட்ட மைனர் இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. அது இருப்பதால் விண்ணப்பத்தில் தனிப் புள்ளி கிடைக்கும் என்று நம்பி எடுக்காதீர்கள். ஊரில் சொந்தக்காரர் ‘பிள்ளை லோ படிக்குது’ என்று சந்தோசப்படுவார்கள், அதற்காகவும் எடுக்காதீர்கள். வருடக்கணக்கில் உட்கார்ந்து வாசிக்க வேண்டிய இந்தப் படிப்பு உங்கள் மனதுக்கு ஒத்துவருமா என்று குறைந்த செலவில் தெரிந்துகொள்ள மைனரைப் போல நல்ல வழி வேறில்லை. எடுப்பதென்றால் அதற்காக எடுங்கள்.

அந்த வாசிப்பு எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணம். மாமியின் மகள் அன்றைக்கு என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்: "அக்கா, சிற்றிசன் இல்லாட்டி லோயராக விடுவாங்களா?" அதற்குப் பதில் ஒரு வழக்கிலேயே இருக்கிறது. ஆன்ட்ரூஸ் எதிர் பிரிட்டிஷ் கொலம்பியா சட்டச் சங்கம், 1989. ஆன்ட்ரூஸ் பிரித்தானியக் குடிமகன், கனடாவில் நிரந்தர வதிவாளர். எல்லாத் தகுதியும் இருந்தும் கனேடியக் குடியுரிமை இல்லை என்பதால் அவரைச் சட்டத்தரணியாகச் சேர்க்கவில்லை. அந்த விதி கனடாவின் உரிமைகள் சாசனத்தின் 15ஆம் பிரிவுக்கு, அதாவது சமத்துவ உரிமைக்கு, முரணானது என்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. ஆகவே தங்கச்சி, விடுவார்கள்.

நான் முதல் வருடத்தில் இதை வாசித்தபோது ‘விதி செல்லாது’ என்று கொப்பியில் எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன். அடுத்த நாள் வகுப்பில்தான் தெரிந்தது நான் வாசிக்காமல் விட்டது எவ்வளவு என்று. எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தினாலே சமத்துவம் ஆகிவிடாது என்ற புகழ்பெற்ற விளக்கத்தை எழுதியவர் நீதியரசர் மக்கின்டயர். சமத்துவம் பற்றி அவர் சொன்னதை மற்றவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த மக்கின்டயரே, இந்த விதியை நியாயப்படுத்தலாம் என்று சொல்லி, முடிவில் சிறுபான்மைப் பக்கம் நின்றார். அது எப்படி என்று புரிந்துகொள்ள அதே பக்கங்களை மூன்று தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை புரிந்தபோது எனக்கு வந்த சந்தோசம் இன்னும் நினைவிருக்கிறது. உங்களுக்கும் அப்படி ஒரு சந்தோசம் வந்தால், சரி, இந்தப் பாதையில் நடக்கலாம். எரிச்சல் மட்டும்தான் வருகிறது என்றால் அதுவும் நல்ல செய்தியே. எட்டுப் பாடத்தோடு அது தெரிந்துவிட்டது.

சிங் வழக்கையும் தேடி வாசியுங்கள். 1985இல் வந்த தீர்ப்பு. சாசனத்தின் 7ஆம் பிரிவில் வரும் ‘ஒவ்வொருவரும்’ என்ற சொல்லுக்குள், கனடா மண்ணில் நிற்கும் அகதிக் கோரிக்கையாளரும் அடங்குவார். அவருடைய நம்பகத்தன்மையைத் தீர்மானிப்பதென்றால் அவரை நேரில் வைத்துக் கேட்க வேண்டும் என்று சொன்ன வழக்கு. போர்க்காலத்தில் எங்கள் ஊரிலிருந்து போன எத்தனையோ மாமாமார் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தங்கள் கதையைத் தங்கள் வாயால் சொல்ல முடிந்ததன் பின்னால் இந்தத் தீர்ப்பு இருக்கிறது. நான் சட்டம் படிப்பது என்று முடிவெடுத்தது இதை வாசித்த கிழமைதான்.

இனி எழுத்து. என் முதல் கட்டுரைக்கு 58 புள்ளி வந்தது. ஊரில் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தவள் நான். ரியூசனில் பழகிய மாதிரி, தெரிந்தது எல்லாவற்றையும் வரிசையாக எழுதி நிரப்பியிருந்தேன். பேராசிரியர் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "இதில் உங்கள் வாதம் எங்கே?" அதைக் கொண்டு அவருடைய அறைக்குப் போனேன். அரை மணித்தியாலம் உட்கார வைத்து விளங்கப்படுத்தினார். முதல் பந்தியிலேயே நான் என்ன சொல்லப்போகிறேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு எதிராக வரக்கூடிய பலமான வாதத்தை நானே எடுத்து வைத்து, அதற்குப் பதிலும் சொல்ல வேண்டும். நாங்கள் ஆசிரியரின் அறைக் கதவைத் தட்டப் பயந்து வளர்ந்த பிள்ளைகள். அங்கே ஒவ்வொரு கிழமையும் அதற்கென்றே நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். போங்கள். பின்னால் சட்டப்பள்ளிக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது உங்களை முகம் தெரிந்த ஒருவர்தான் எழுதித் தர முடியும். கம்பஸின் எழுத்து உதவி நிலையத்துக்கும் போங்கள், காசு கேட்க மாட்டார்கள்.

மேஜரைப் பற்றி என் கருத்து இது: நீங்கள் விரும்புவதையும் நல்ல புள்ளி எடுக்கக்கூடியதையும் எடுங்கள். கணிதமோ உயிரியலோ வரலாறோ, எதுவானாலும் பரவாயில்லை. சட்டப்பள்ளிகள் முதலில் பார்ப்பது சராசரிப் புள்ளியை, அதோடு எல்சாட் என்ற சட்டப்பள்ளி நுழைவுத் தேர்வை. புதிதாக வந்த முதல் வருடத்தில் மொழியும் குளிரும் பகுதி நேர வேலையும் சேர்ந்து அழுத்தும். அந்த நேரத்தில் வாசிப்பு கூடிய சட்டப் பாடங்கள் மூன்றை ஒன்றாக எடுத்து விழுந்தவர்களை எனக்குத் தெரியும். ஒன்றை எடுத்துப் பாருங்கள். சரிவராவிட்டால் புள்ளி பாதிக்காமல் பாடத்தை விட ஒரு கடைசித் தேதி இருக்கும். அந்தத் தேதியைக் கலண்டரில் முதல் நாளே குறித்து வையுங்கள். முதல் வருடம் கொஞ்சம் சறுக்கினாலும் மனம் விட வேண்டாம், சில சட்டப்பள்ளிகள் சிறந்த இரண்டு வருடங்களைத்தான் கூடுதலாகப் பார்க்கின்றன.

எல்சாட் 120க்கும் 180க்கும் இடையில் புள்ளி தரும் தேர்வு. 2024 ஓகஸ்டிலிருந்து புதிர் மாதிரி வந்த பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போது புள்ளிக்கு எண்ணப்படுவது தர்க்கப் பகுதி இரண்டும் வாசிப்புப் பகுதி ஒன்றும். ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் படித்தவர்களுக்கு இதில் பாதி பழக்கமான இடம்: எடுகூற்று, முடிவு, போலி நியாயம் எல்லாம் ஆங்கிலப் பெயரோடு திரும்பி வரும். விண்ணப்பம் நவம்பர் தொடக்கத்தில் முடிவதால், அதற்கு முந்திய கோடையிலேயே தேர்வை எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, ‘பரா லீகல்’ படிப்பு. அது கொலிஜ் படிப்பு, தனி உரிமம். சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்திலும் வாடகைத் தகராறு மன்றத்திலும் தோன்றலாம். மரியாதையான, தேவையான வேலை. ஆனால் அது சட்டத்தரணி உரிமம் இல்லை, சட்ட மைனரும் இல்லை. ஏஜென்ட் யாராவது மூன்றையும் ஒன்றாகக் குழப்பிச் சொன்னால் காசு கட்டாமல் எழும்பி வாருங்கள்.

காசென்றால், நிரந்தர வதிவாளருக்கும் பாதுகாக்கப்பட்டவர் என்று ஏற்கப்பட்டவருக்கும் ஒன்ராறியோ அரசின் ஓசாப் என்ற மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு அது இல்லை. அவர்கள் ஏழு வருடக் கணக்கையும் வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்த பிறகு மேஜரைத் தீர்மானிக்கட்டும்.

மாமி போகும்போது இருட்டிவிட்டது. மகள் மட்டும் படலையடியில் நின்று, பெட்டியில் இடம் குறைவு, அளவையியல் கொப்பிகளை விட்டுவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாள். கொண்டு போகச் சொன்னேன்.