மனித உரிமை வகுப்பு எடுக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கோத்தகிரியில் சுயஉதவிக் குழுப் பெண்களுக்காக நடந்த மனித உரிமைப் பயிற்சியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வகுப்பெடுத்த இளைஞர் நன்றாகப் படித்துத் தயாராகித்தான் வந்திருந்தார். பத்தாவது நிமிடத்தில், "மதம் வேண்டுமா, மனித உரிமை வேண்டுமா? நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றார். எனக்கு உடம்பு பதறியது. 2009-இல் இதே வாக்கியத்தை நானும் சொன்னேன். அதன் பலனை அனுபவித்தவள் ஒரு பெண்பிள்ளை.

குறித்த நேரத்துக்குப் போவது, புரியும்படி பேசுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

மதமா, உரிமையா என்று பிரிப்பது

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். லைன் வீடுகளுக்கு நடுவே மாரியம்மன் கோயில், எதிரே தகரக் கொட்டகை. அங்கேதான் கூட்டம். கோயில் பெரியவர் முன்வரிசையில் இருந்தார். பழைய வழக்கம் எதையும் விட்டுக்கொடுக்காதவர். சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களிடம் திருவிழா வரிகூட வாங்கமாட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவரை மடக்க வேண்டும் என்றே பேச்சைத் தயாரித்திருந்தேன். அந்த வாக்கியத்தைச் சொன்னதும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஐந்து நிமிடத்தில் கொட்டகை காலி.

மூன்று வாரம் கழித்து, பதினோராம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தியை மேட்டுப்பாளையத்துக்கு அழைத்துப்போய்த் தாய்மாமனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். அவளுக்கு வயது பதினாறு. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-இலேயே வந்திருந்தும் புகார் சொல்ல ஆள் இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் அவளுடைய அம்மாவைச் சந்தித்தேன். "பெரியவருக்கு இதில் சம்மதமே இல்லை சார். பெண் வாய்விட்டுச் சரி என்று சொல்லாமல் அம்மன் சன்னதியில் மாலை எடுத்துத் தரமாட்டேன் என்றிருந்தார். அதைப் பற்றி உங்களிடம் பேசத்தான் நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு வந்தோம். நீங்கள் பேசிய பேச்சுக்குப் பிறகு, இனி இந்த விஷயத்தில் தலையிடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்."

மணமக்களின் முழுச் சம்மதம் இல்லாமல் திருமணம் கூடாது என்பது, ஐ.நா. சபை 1948-இல் ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 16-ஆம் பிரிவு. அதையே அவர் அம்மன் பெயரால் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதுகொடுக்கவில்லை.

‘மதமா, மனித உரிமையா’ என்ற என் வாக்கியம் மனத்தைப் புண்படுத்துகிறது. அதோடு, அது பொய். 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் பிரகடனத்தை 48 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அந்த எட்டில் ஆறு கம்யூனிஸ்ட் நாடுகள், ஒன்று நிறவெறித் தென்னாப்பிரிக்கா. மதத்தைக் காரணம் காட்டியது சவூதி அரேபியா மட்டும்தான். மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை 18-ஆம் பிரிவில் இருந்தது அதற்குப் பிடிக்கவில்லை. அதே பிரிவைக் குர்ஆனை எடுத்துக்காட்டி ஆதரித்தவர் பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் ஜஃபருல்லா கான். வரைவில் முன்னின்று உழைத்த லெபனானின் சார்லஸ் மாலிக் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கையாளர். மனிதர் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவர் என்று முதல் பிரிவிலேயே சேர்க்க வேண்டும் என பிரேசில் கேட்டது. சீனாவின் பி. சி. சாங் வேண்டாம் என்று வாதாடினார், பிரேசில் விட்டுக்கொடுத்தது. உரிமை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பிரகடனம் பதில் எழுதாமல் இடம் விட்டிருப்பது இப்படித்தான். அந்த இடத்தில் பெரியவர் அம்மனை வைத்துக்கொள்ளலாம், நான் அம்பேத்கரை வைத்துக்கொள்ளலாம். சம்மதமில்லாத கல்யாணத்தை இருவரும் சேர்ந்தே தடுத்திருக்கலாம்.

மனித உரிமை ‘வெள்ளைக்காரன் சரக்கு’ என்றால் திணறுவது

பிரகடனத்தை வரைந்த ஐ.நா. ஆணையத்தில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்த ஹன்சா மேத்தாவின் பெயரைச் சொல்லுங்கள். அதன் முதல் பிரிவில் ஆண்களை மட்டும் குறிப்பதாகக் கொள்ளக்கூடிய சொல்லை நீக்கி, ‘மனிதர் அனைவரும்’ என்று எழுதவைத்தவர் இந்தப் பெண்மணிதான்.

பழமைவாதி மாறமாட்டார் என்று முடிவுகட்டுவது

1864-இல் போப் ஒன்பதாம் பயஸ் வெளியிட்ட பிழைகளின் பட்டியலில் மதச் சுதந்திரம் என்ற கருத்தும் இருந்தது. 1965-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், மனித மாண்பைக் காரணம் காட்டி அதே சுதந்திரத்தை ஏற்றது. நூற்றியோரு ஆண்டுகள். நீங்கள் ஒரு மதிய வேளையில் முடித்துவிடப் பார்க்கிறீர்கள்.

இருபக்கமும் உரிமை இருப்பதை மறைப்பது

கார்த்திகை பிறந்தால் இந்த மலையில் எத்தனையோ வீடுகளில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார்கள். சபரிமலையைத் தொடாமல் இங்கே வகுப்பெடுக்க முடியாது. 10 முதல் 50 வயதுப் பெண்களுக்கு இருந்த தடை செல்லாது என்று 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். மாறுபட்ட தீர்ப்பை எழுதிய ஐந்தாமவர் இந்து மல்ஹோத்ரா; அந்த அமர்வில் இருந்த ஒரே பெண். வழிபடச் செல்லும் பெண்ணும் வழக்கத்தைக் காக்கும் பக்தரும் மதச் சுதந்திரம் தரும் அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவையே காட்டினார்கள். நான் அந்த நால்வர் பக்கம்; வகுப்பிலும் மறைப்பதில்லை. ஆனால் "என் உரிமை என்னவென்று என்னைக் கேட்காமலே பேசுகிறீர்களே" என்று மாலை போட்ட வீட்டுப் பெண் எழுந்து கேட்டால், அவளை விவரமறியாதவள் என்று தள்ளிவிடாதீர்கள். முழுதாகப் பேசவிடுங்கள்.

‘எங்கள் வழக்கம்’ என்றதும் அடங்கிவிடுவது

அடங்காதீர்கள். அந்த வழக்கத்தை முடிவுசெய்த அன்று பெண்கள் யாரேனும் உடன் இருந்தார்களா என்று கேளுங்கள்.

பிரகடனத்தைக் கையில் கொண்டுபோகாமல் இருப்பது

இப்போதெல்லாம் நான் 18-ஆம் பிரிவைத் தமிழில் உரக்க வாசித்துவிட்டு, எந்தச் சொல் இடிக்கிறது என்று கேட்கிறேன். கோயில் கமிட்டியானாலும் ஜமாத்தானாலும் ஜெபக்கூட்டமானாலும் பெரும்பாலும் ‘மாற்றிக்கொள்ளும்’ என்ற சொல்லில்தான் விரல் வந்து நிற்கிறது. 1948-இல் சவூதி நின்ற அதே இடம். அங்கிருந்துதான் அவர்கள் பேசத் தொடங்குகிறார்கள். அந்த நேரத்தில் அடுத்த பாடத்துக்குத் தாவிவிடாதீர்கள். கடைசி பஸ் போய்விட்டாலும் பரவாயில்லை.