மிளகு வாடகைக்கு ஒரு கட்டடம்

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையும் செவ்வாய்க்கிழமை முதியோர் மதியச் சாப்பாடும் பல வருடங்களாக ஒரு தேவாலய ஹோலில் வாடகைக்கு நடந்தன. பிறகு கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) தனக்கு வேண்டாமென்று மூடிய இளையோர் நிலையம் ஒன்றை எடுத்தோம். கதைக்கத் தொடங்கியதிலிருந்து சாவி கைக்கு வர மூன்று வருடம் போனது. இப்போது வேறு சங்கங்கள் போன் எடுத்து "அண்ணை, எப்படி எடுத்தனீங்கள்?" என்று கேட்கின்றன. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிக் களைத்துவிட்டேன், அதனால் எழுதிவிடுகிறேன்.

இது இங்கிலாந்துக் கதை. ஸ்கொட்லாந்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடத்தைக் கேட்கவே ஊர் அமைப்புகளுக்கு உரிமை உண்டு. அங்கே கவுன்சில் வழக்கமாக ஆறு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் மேன்முறையீடும் செய்யலாம். இங்கே கவுன்சில் மனம் வைத்தால்தான் உண்டு. 2011ஆம் ஆண்டு உள்ளூர் அதிகாரச் சட்டத்தை (Localism Act) காட்டி "எங்களுக்கு உரிமை இருக்கிறதே" என்று சிலர் வாதாடுவார்கள். அந்தச் சட்டத்தில் ஒரு கட்டடத்தைச் 'சமூகப் பெறுமதி உள்ள சொத்து' என்று பதியலாம். 2011இல் எழுதியபடி, சொந்தக்காரர் விற்க வரும்போது காசு சேர்க்க உங்களுக்கு ஆறு மாதம் கிடைக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் விரும்பியவருக்கு விற்கலாம்.

கவுன்சிலின் கையையும் ஒரு சட்டம் கட்டியிருக்கிறது. 1972 உள்ளூராட்சிச் சட்டத்தின் 123ஆம் பிரிவுப்படி, நிலத்தையோ கட்டடத்தையோ கிடைக்கக்கூடிய நல்ல விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். 2003இல் வந்த அரசின் பொது அனுமதி அதில் ஒரு கதவைத் திறந்தது: ஊரின் பொருளாதார, சமூக, சுற்றுச்சூழல் நலனுக்கு உதவுமென்றால், சந்தை விலையிலிருந்து இரண்டு மில்லியன் பவுண் வரை குறைத்துக் கொடுக்கலாம். உங்கள் விண்ணப்பம் முழுவதும் அந்தக் கதவால்தான் நுழைய வேண்டும். எங்கள் முதல் விண்ணப்பத்தில் இரண்டு பக்கத்துக்குத் தமிழின் தொன்மையை எழுதியிருந்தோம். அதிகாரி மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். அடுத்த முறை ஆறு கிழமை கதவடியில் கொப்பியோடு இருந்து எண்ணினோம்: எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேர் தனிய இருக்கிறார்கள், எத்தனை பேருக்குக் கிழமையில் சுடுசாப்பாடு இது ஒன்றுதான். பக்கத்துத் தெருச் சோமாலியத் தாய்மாரும் ஒரு நடைக் குழுவும் ஹோலை எடுப்போமென்று கடிதம் தந்தார்கள். அந்தக் கொப்பிதான் வேலை செய்தது.

சங்கம் பெயரளவில் மட்டும் சங்கமாக இருந்தால் அதன் பெயரில் லீஸ் (குத்தகை ஒப்பந்தம்) எழுத முடியாது. நாலு அறங்காவலரின் சொந்தப் பெயரில் எழுதுவார்கள், கடன் வந்தால் அவர்கள் வீட்டுக் கதவுக்குத்தான் வரும். அதனால் தொண்டு அமைப்புகளைப் பதியும் சரிட்டி கொமிஷனில் சிஐஓ ஆக, அதாவது தன் பெயரிலேயே ஒப்பந்தம் எழுதக்கூடிய சரிட்டியாகப் பதியுங்கள். பதிவுக்குக் காலம் எடுக்கும், கட்டடம் தேடும்போதே தொடங்குங்கள்.

அடுத்தது கட்டடம். இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். வாடகை 'ஒரு மிளகு' என்றார்கள். ஆங்கிலேயச் சட்டத்தில் பெயருக்கு ஒரு வாடகை வேண்டுமென்றால், வருடத்துக்கு ஒரு மிளகு என்று எழுதுவது பழைய வழக்கம், கேட்டால் மட்டும் கொடுத்தால் போதும். எங்கள் பக்கத்து மிளகுக்கு இங்கே சட்டப் புத்தகத்திலும் இடம் இருக்கிறதே என்று பகிடி விட்டுக்கொண்டு உள்ளே போனோம். வகுப்பறையின் நடுவில் ஒரு நீல வாளி. பழைய காப்பாளர் ஒன்றும் பேசாமல் அதை எடுத்து வெளியே ஊற்றிவிட்டு அதே இடத்தில் திரும்ப வைத்தார். தரையில் வாளியின் அடி வட்டமாகப் பதிந்திருந்தது. தட்டைக் கூரை, எத்தனை மாரி கண்டதோ.

அதனால் ஒன்றிலும் கையெழுத்து வைக்க முதல் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: அஸ்பெஸ்டோஸ் பதிவேடு (1999 தடைக்கு முந்திய கட்டடமென்றால் இருக்குமென்றே வைத்துக்கொள்ளுங்கள்), தீ ஆபத்து மதிப்பீடு, எரிசக்திச் சான்றிதழ், கடைசி மூன்று வருட மின்சார, காஸ் பில்கள், காணிப் பதிவின் பிரதி. காணிப் பதிவில் 'இங்கே இன்ன வேலைக்கு மட்டும்' என்று பழைய நிபந்தனை ஒளிந்திருக்கலாம். கவுன்சிலின் அறிக்கை இருந்தாலும் சொந்தக் காசில் கட்டடம் பரிசோதிக்கும் ஒரு சேவையரைக் கூட்டிப்போய்க் கூரையில் ஏற்றுங்கள். அந்தக் காசைப் பற்றிக் கமிட்டியில் சண்டை வரும். வரட்டும்.

கணக்குப் போடும்போது வணிக வரியில் (வீடல்லாத கட்டடத்துக்குக் கவுன்சில் வாங்கும் வரி) சரிட்டிக்கு 80 வீதம் சட்டப்படியே கழிவு உண்டு. மிச்ச 20ஐ கவுன்சில் விரும்பினால் விடலாம், எழுதிக் கேளுங்கள். காப்புறுதி, போயிலர் பராமரிப்பு, கூரைக்கென்று வருடா வருடம் ஒதுக்கும் பணம், மூன்றையும் முதல் வருடக் கணக்கிலேயே போடுங்கள்.

இனி லீஸ். எங்களுக்கு முதலில் ஏழு வருடம் தருகிறோம் என்றார்கள். ஏன் ஏழு? ஏழு வருடத்துக்கு மேற்படாத லீஸுக்கு அந்த 123ஆம் பிரிவு பொருந்தாது, அதிகாரிகளுக்குத் தலையிடி குறைவு. ஆனால் கூரைக்கு நிதி கேட்டுப் போனால், கொடுப்பவர்கள் முதலில் பார்ப்பது லீஸில் எத்தனை வருடம் மிச்சம் என்பதைத்தான். நாங்கள் 25 கேட்டு நின்றோம், கிடைத்தது. ஏழு வருடத்துக்கு மேலென்றால் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும், அதை லோயர் பார்த்துக்கொள்வார்.

'முழுப் பழுதுபார்ப்பும் காப்புறுதியும் குத்தகைக்காரர் பொறுப்பு' என்ற வரிதான் ஆபத்தானது. அப்படியே ஏற்றால், முதல் நாளே உடைந்திருந்ததையும் நீங்கள் திருத்திக் கொடுக்க வேண்டி வரலாம். அதனால் படங்களோடு ஒரு நிலை அறிக்கை லீஸுக்குப் பின்னால் இணைக்கச் சொல்லுங்கள். அந்த நிலையைவிட மோசமாகாமல் வைத்திருப்பதுதான் எங்கள் பொறுப்பு என்று எழுத வையுங்கள். எங்கள் அறிக்கையின் மூன்றாவது படம் அந்த நீல வாளி. இடையில் விலகும் உரிமை உங்களுக்கும் இருக்கிறதா, லீஸ் முடிந்தபிறகும் தொடர்ந்து இருக்க 1954 சட்டம் தரும் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்களா என்றும் பாருங்கள். பயன்பாடு என்ற இடத்தில் 'தமிழ் வகுப்பு' என்று எழுத விடாதீர்கள். 'சமூகப் பயன்பாடு' என்று அகலமாக இருந்தால்தான் பிறந்தநாளுக்கும் யோகாவுக்கும் ஹோலை விட்டுக் கரண்ட் பில் கட்டலாம்.

முடிவு எடுப்பது கவுன்சிலர்கள். உங்கள் வட்டாரக் கவுன்சிலர்களை முன்கூட்டியே சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். மே மாதத்தில் தேர்தல் வந்தால் அதற்கு முந்திய கிழமைகளில் சர்ச்சையான ஒன்றும் நகராது. எங்கள் கோப்பு அப்படி ஒருமுறை படுத்தது. அதற்கிடையில் இளைஞர்கள் ஆர்வத்தில் பெயின்ற் வாங்கி உள்ளே அடித்துவிட்டார்கள். லீஸ் கையெழுத்தாக எட்டு மாதம் பிந்தியது, அந்தச் சுவரில் மறுபடி பூஞ்சணம். கையெழுத்துக்கு முதல் ஒரு பென்னியும் போடாதீர்கள்.

நம்பிக்கை தளர்ந்தால் லீட்ஸில் பிராம்லி நீச்சல் குளத்தைப் போய்ப் பாருங்கள். 1904இல் திறந்த குளம், 2013 ஜனவரியிலிருந்து ஊரவர் அமைப்பு நடத்துகிறது. தண்ணீர் சூடாகத்தான் இருக்கிறது.

சாவி வாங்கும் நாளில் மீற்றர்களைப் படம் எடுங்கள். பழைய காப்பாளர் போக முதல், தண்ணீரை மொத்தமாகப் பூட்டும் திருகு எங்கே என்று கேளுங்கள். எங்களுடையது சமையலறையில் இல்லை. வெளியே, ரோசாச் செடிக்குப் பக்கத்தில், மண் மூடிய ஒரு இரும்பு மூடிக்குக் கீழே இருந்தது.