பழைய கிராமத் தேவாலயத்தின் வரலாற்றைத் தேடுவது எப்படி: அமெரிக்கத் தென் மாநிலக் கவுண்டிகளுக்கான வழிமுறை

தென் மாநிலக் கிராமச் சாலைகளில் நிற்கும் மரத் தேவாலயங்கள் பலவற்றின் முகப்பில் ஒரு வருடம் எழுதியிருக்கும். அது சபை கூடிய வருடமா, நிலம் கிடைத்த வருடமா, கட்டடம் எழுந்த வருடமா என்று பலகை சொல்லாது. டென்னசி மாநிலம் பிளவுண்ட் கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கின் பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் சபை 1827இல் உருவானது. இன்று அங்கே நிற்கும் கட்டடமோ 1887இல் கட்டியது. ஆகவே ஒவ்வொரு தேவாலயத்துக்கும் சபை, நிலம், கட்டடம் என்று மூன்று பத்திகள் போட்டு, ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து கிடைத்தது என்றும் எழுதுங்கள். பிற்பாடு வரும் குழப்பங்களில் பெரும்பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

முதலில் நிலம். டென்னசியிலும் வட கரோலினாவிலும் கவுண்டியின் பத்திரப் பதிவாளரிடம் போக வேண்டும். ஜார்ஜியாவில் சுப்பீரியர் கோர்ட் கிளார்க், அலபாமாவில் புரோபேட் நீதிபதி அலுவலகம், மிசிசிப்பியில் சான்சரி கிளார்க். எழுதி வாங்கியவர் அட்டவணையில் தேவாலயத்தின் பெயரைத் தேடினால் பல சமயம் ஒன்றும் அகப்படாது. நிலம் டிரஸ்டிகளின், அதாவது சபையின் சார்பில் சொத்தை வைத்திருக்கும் பொறுப்பாளர்களின், பெயரில் பதிவாகியிருக்கும். வர்ஜீனியாவில் 2002 வரை தேவாலயங்கள் தங்களைச் சட்டப்படி நிறுவனமாகப் பதிந்துகொள்ளவே முடியவில்லை. அங்கே டிரஸ்டிகளின் பெயர் தெரியாமல் தேடிப் பயனில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்தும் சபையின் கூட்டக் குறிப்புகள் எழுதிவைத்த மினிட் புத்தகத்திலிருந்தும் பழைய டீக்கன்கள், டிரஸ்டிகள் பெயர்களை முன்கூட்டியே திரட்டிக்கொண்டு போங்கள்.

பத்திரம் கிடைத்ததும் தேதியோடு நிறுத்தாமல் முழுவதும் படியுங்கள். யாரோ ஒருவர் வாய்ச்சொல்லாக விட்ட இடத்தில் பல வருடம் ஆராதனை நடத்திவிட்டு, பிறகுதான் பத்திரம் எழுதியிருப்பார்கள். 'இப்போது தேவாலயம் நிற்கும் இடம்' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் தேவாலயம் பத்திரத்துக்கு மூத்தது. எழுதிய தேதியும் பதிந்த தேதியும் வேறாக இருக்கலாம்; இரண்டையும் குறியுங்கள். ஆராதனை நின்றால் நிலம் கொடுத்தவரின் வாரிசுகளுக்கே திரும்பும் என்ற நிபந்தனை உண்டா என்றும் பாருங்கள். கைவிடப்பட்ட தேவாலயங்கள் பின்னாளில் தனியார் கைக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். பல பத்திரங்களில் எல்லைகள் 'போல்' (pole) என்ற பழைய நீள அளவில் இருக்கும்: 1 போல் 16½ அடி, 4 போல் ஒரு சங்கிலி, 160 சதுர போல் ஓர் ஏக்கர். அந்த அளவில் வரைந்து பார்த்தால் இன்றைய கட்டடம் அந்த நிலத்துக்குள் இருக்கிறதா, இடம் மாறியதா என்பது தெரியும். கோர்ட் எரிந்து பழைய புத்தகங்கள் அழிந்த கவுண்டி என்றால், பக்கத்து நிலங்களின் பிந்தைய பத்திரங்களைப் பாருங்கள். எல்லைக் குறிப்பில் தேவாலயத்தின் மூலையோ அதற்குப் போகும் பாதையோ வரும்.

சபையின் பதிவுகள் அதன் பிரிவைப் பொறுத்தவை. பாப்டிஸ்ட் சபைகள் ஒவ்வொன்றும் தன்னாட்சி உள்ளவை. மினிட் புத்தகம் சபைக் கிளார்க்கின் வீட்டிலேயே தலைமுறைகளாகக் கிடக்கலாம். அது தொலைந்திருந்தால் அந்த வட்டாரச் சபைகளின் கூட்டமைப்பான அசோசியேஷன் வருடந்தோறும் அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்புகளைத் தேடுங்கள். சபைவாரியாக உறுப்பினர் எண்ணிக்கையும் பிரதிநிதிகள் பெயரும் அதில் இருக்கும். நாஷ்வில்லில் உள்ள சதர்ன் பாப்டிஸ்ட் வரலாற்று நூலகத்தில் இவை ஏராளம். மெதடிஸ்டில் ஒரு போதகர் பல தேவாலயங்களைச் சுற்றி வருவார், ஆகவே தேவாலயத்தின் பெயரை விட்டுவிட்டு அவர் சுற்றி வரும் தேவாலயங்களின் தொகுப்பான சர்க்யூட்டின் பெயரில் தேட வேண்டும். தென்பகுதி மெதடிஸ்டுகள் 1845இல் தனிச் சபையாகி, 1939இல் வடக்கோடு மீண்டும் இணைந்தார்கள். 1968இல் யுனைடெட் மெதடிஸ்ட் ஆனார்கள். பெயர்ப்பலகை மாறியதை வைத்துப் புதுச் சபை என்று முடிவுகட்ட வேண்டாம். பிளவுகளையும் கவனியுங்கள். கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கில் மிஷன் பணியை ஆதரித்தவர்கள் 1839இல் பிரிந்து மிஷனரி பாப்டிஸ்ட் சபையை அமைத்தார்கள். பிரிந்த சபைகள் இரண்டும் ஒரே ஆரம்பத்தைச் சொந்தம் கொண்டாடினால், இரண்டின் கூற்றையும் எழுதுங்கள்.

கறுப்பின மக்களின் சபைகளைப் பின்குறிப்பாக ஒதுக்கிவிட்டு எழுதும் கவுண்டி வரலாறு பாதி வரலாறுதான். 1865க்கு முந்தைய வெள்ளையர் சபைகளின் மினிட் புத்தகங்களில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த உறுப்பினர்கள் முதல் பெயரோடும், அவர்களை அடிமையாக வைத்திருந்தவரின் பெயரோடும் எழுதப்பட்டிருப்பார்கள். அந்தப் பெயர்கள் ஒன்றையும் விடாமல் எடுத்தெழுதுங்கள். விடுதலைக்குப் பின் அவர்கள் வெளியேறித் தங்கள் சபைகளை நிறுவினார்கள். அச்சபைகளின் முதல் டிரஸ்டிகளில் அதே பெயர்கள் குடும்பப் பெயரோடு மீண்டும் எதிர்ப்படலாம். ஆனால் முதல் பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. 1870 மக்கள்தொகைக் கணக்கில் வயதும் வசிப்பிடமும் பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள். விடுதலை பெற்றவர்களுக்கு உதவ அரசு அமைத்த ஃப்ரீட்மென்ஸ் பியூரோவின் பள்ளி அறிக்கைகளும் உதவும், ஏனென்றால் பல பள்ளிகள் தேவாலயத்துக்குள்ளேயே நடந்தன.

கட்டடத்தை ஆராய அனுமதி வாங்கிக்கொண்டு தரைக்கு அடியிலும் கூரைக்கு உள்ளேயும் பாருங்கள். பூச்சும் பழுதுபார்ப்பும் அங்கே குறைவு. சதுரத் தலையும் தட்டையான உடலுமுள்ள வெட்டு ஆணிகள் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு உரியவை. உருண்டைக் கம்பி ஆணி 1890களில்தான் பரவலானது. உத்திரத்தில் வளைந்த ரம்பத் தடம் இருந்தால் வட்ட ரம்பம், நேர்க்கோட்டுத் தடம் என்றால் பெரும்பாலும் அதற்கு முந்தைய வகை. ஆனால் பழைய கட்டடத்தைப் பிரித்து எடுத்த மரத்தையே புதியதில் போடுவார்கள், ஆகவே ஓர் உத்திரத்தை நம்பி வருடம் சொல்லக்கூடாது. முகப்பில் இரண்டு கதவுகள் இருந்தால் ஆண்களும் பெண்களும் தனித்தனியே அமர்ந்தார்கள் என்று எண்ணத் தோன்றும். மினிட் புத்தகத்தில் அதற்குச் சான்று இல்லாவிட்டால் 'இரண்டு கதவுகள்' என்று மட்டும் எழுதுங்கள்.

கல்லறையில் மிகப் பழைய கல் சபையின் வயதைக் காட்டாது. குடும்ப இடுகாடாகத் தொடங்கிய இடமாக இருக்கலாம், கல்லே பல வருடம் கழித்து நட்டதாகவும் இருக்கலாம். எழுத்து மங்கியிருந்தால் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிப் படம் எடுங்கள். கம்பி பிரஷ், பிளீச், ஷேவிங் கிரீம் எதுவும் கல்லில் படக்கூடாது.

மறைந்துபோன தேவாலயங்களுக்கு அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பழைய நிலவரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தீக்காப்பீட்டுக்காக வரைந்த சான்பார்ன் வரைபடங்கள் நகரங்களுக்கானவை, கிராமத் தேவாலயத்துக்கு அவற்றில் நேரம் செலவிட வேண்டாம்.

மினிட் புத்தகம் கையில் கிடைத்தால் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கம் உட்பட, அங்கேயே படம் எடுத்து, ஒரு பிரதியைச் சபைக்கும் இன்னொன்றை மாநில ஆவணக் காப்பகத்துக்கும் கொடுங்கள்.