மாநகருக்குக் கல்விச் சுற்றுலா: திட்டமிடும்போதே நேர்ந்துவிடும் தவறுகள்

மாணவர்களை நான்கைந்து நாள்கள் ஒரு மாநகருக்கு அழைத்துச் செல்லவிருக்கும் ஆசிரியர் முதலில் எழுதுவது பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைத்தான். பல பயணங்களுக்குப் பொறுப்பேற்றுச் சென்று வந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பின்னால் வரும் பாதித் தவறுகளுக்கு அந்தப் பட்டியலே வித்து. இடங்களை அடுக்கும்போது நேரத்தை மறந்துவிடுகிறோம். நேரத்தைக் கணக்கிட்டாலும் நம்முடன் வருவது ஒரு கூட்டம் என்பதை மறந்துவிடுகிறோம்.

நான் முதன்முதலாகப் போட்ட திட்டத்தில் ஒரே நாளுக்கு 6 இடங்கள் இருந்தன. வரைபடச் செயலி காட்டிய பயண நேரத்தை அப்படியே கூட்டி எழுதியிருந்தேன். அந்த நேரம் தனியாகச் செல்லும் ஒருவருக்குப் பொருந்தும். 40 பேருக்குப் பொருந்தாது. 40 மாணவர்கள், 4 கழிப்பறைகள், ஒருவருக்கு 2 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் அதற்கே 20 நிமிடங்கள் போய்விடும். மெட்ரோ நிலைய வாயிலில் ஒருவருக்கு 5 நொடி என்றாலும் 3 நிமிடங்களுக்கு மேல் ஆகும். ஒரே ஒருவரின் பயணச்சீட்டு வேலை செய்யாமல் போனால் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். அன்று மாணவர்கள் உள்ளே சென்று பார்த்தது 3 இடங்களை மட்டுமே, அவற்றையும் ஓட்டமும் நடையுமாகத்தான் பார்த்தார்கள். இப்போதெல்லாம் செயலி அரை மணி நேரம் என்று காட்டினால் 1 மணி நேரம் என்று எழுதிக்கொள்கிறேன். முற்பகலில் ஒரு பெரிய இடம், பிற்பகலில் ஒரு சிறிய இடம். அதற்கு மேல் ஒரு நாளில் வேண்டாம் என்பதே என் கருத்து.

அருங்காட்சியகம் என்றால் ‘முழுவதும் சுற்றிப் பார்த்தல்’ என்று எழுதிவிடுவது அடுத்த தவறு. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் சுமார் 35,000 பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் முன்னும் அரை நிமிடம் நின்றால், இரவு பகல் ஓயாமல் பார்த்தாலும் 12 நாள்கள் ஆகும். பார்வையாளர்களின் களைப்பும் புதிதாகக் கண்டறியப்பட்ட செய்தியன்று. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இலேயே, காட்சிப் பொருள்களைப் பார்ப்பதற்காக ஒருவர் எப்படியெல்லாம் குனியவும் வளையவும் வேண்டியிருக்கிறது என்பதைப் படங்களுடன் விளக்கி, ‘அருங்காட்சியக அயர்ச்சி’ என்பதைப் பற்றி எழுதினார். ஆகவே 2 கூடங்களையும் அவற்றில் ஐந்தாறு பொருள்களையும் முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவது நல்லது.

அந்த ஐந்தாறு பொருள்களுக்கும் பணித்தாள் தயாரிக்கும்போது கேள்விகளில் கவனம் வேண்டும். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ரொசெட்டா கல்லை எடுத்துக்கொள்வோம். ‘இது எந்த ஆண்டு கண்டெடுக்கப்பட்டது?’ என்று கேட்டால், மாணவர் விவரப் பலகையைத் தேடி 1799 என்று எழுதிவிட்டு, கல்லை ஏறிட்டும் பார்க்காமல் நகர்ந்துவிடுவார். ‘கல்லில் எத்தனை வகை எழுத்துகள் தெரிகின்றன, ஒரு வகை முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் கல்லின் அருகே நின்று, மூன்று பட்டைகளாகப் பிரியும் எழுத்துகளைத் தம் கண்ணாலேயே கண்டுபிடித்தாக வேண்டும்.

பாடத்தை மட்டும் நடத்தி அழைத்துச் செல்வதும் போதாது. புதிய இடத்திற்குச் செல்லும் பிள்ளைகளின் கவனம் கற்க வேண்டிய பொருளைவிடச் சுற்றுப்புறத்தின் புதுமையிலேயே செல்கிறது என்பதை ஜான் ஃபால்க்கும் உடன் ஆய்வாளர்களும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எங்கே தங்கப் போகிறோம், எப்போது சாப்பாடு, கழிப்பறை எங்கே, யாருடன் உட்காருவது என்பவைதாம் மாணவர்களின் மனத்தில் ஓடும் கேள்விகள். அவற்றுக்கு வகுப்பறையிலேயே படங்களையும் வரைபடத்தையும் காட்டிப் பதில் சொல்லிவிட்டால், அங்கே போய்ச் சேர்ந்ததும் கவனம் பாடத்திற்குத் திரும்பும்.

விடுமுறை நாளைச் சரிபார்க்காமல் போய் நிற்பது எளிதில் தவிர்க்கக்கூடியது. லூவ்ருக்குச் செவ்வாய், தாஜ்மகாலுக்கு வெள்ளி எனப் பல இடங்களுக்கு வார விடுமுறை உண்டு. ஆம்ஸ்டர்டாமின் ஆன் ஃபிராங்க் இல்லம் போன்றவற்றுக்கு இணையத்தில் முன்பதிவு செய்யாமல் நுழைவுச்சீட்டே கிடையாது. பயண நாள்களை முடிவு செய்வதற்கு முன்பே இவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

பாதுகாப்பில் நான் கண்ட பெரிய தவறு, 40 பேரையும் ஒருவரே எண்ணுவது. எட்டெட்டுப் பேராகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்கினால், யார் இல்லை என்பது நொடியில் தெரிந்துவிடும். மெட்ரோ ரயிலின் கதவு மூடி ஒரு மாணவர் மட்டும் நடைமேடையில் நின்றுவிட்டால் என்ன செய்வது? அவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், ஆசிரியர் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வர வேண்டும் என்ற விதியைப் புறப்படும் முன்பே சொல்லி, திரும்பச் சொல்லவும் வைக்க வேண்டும். கைபேசி இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. அதன் மின்கலம் தீர்ந்துபோகும். தங்குமிட முகவரியும் ஆசிரியரின் எண்ணும் எழுதிய அட்டை ஒவ்வொரு சட்டைப்பையிலும் இருக்கட்டும். ஒருமுறை ஆஸ்துமா உள்ள மாணவியின் இன்ஹேலர் பேருந்தின் அடியில் பெட்டிகளுக்குள் சிக்கிக்கொள்ள, வண்டியைச் சாலையோரம் நிறுத்தி 11 பெட்டிகளை இறக்கினோம். அவர் மூச்சுக்குத் திணறிய அந்த நிமிடங்களை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. மருந்துகள் ஆசிரியரின் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

கட்டணத்தை அறிவித்துவிட்டு, ‘செலுத்த முடிந்தவர்கள் பெயர் கொடுங்கள்’ என்று சொல்வது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011-இல் திறக்கப்பட்ட கிரிஸ்டல் பிரிட்ஜஸ் கலை அருங்காட்சியகத்துக்கு யார் முதலில் செல்வது என்று பள்ளிகளுக்குள் குலுக்கல் நடத்தி, கிட்டத்தட்ட 11,000 மாணவர்களை ஆராய்ந்தார்கள். ஒரே ஒரு முறை சென்று வந்தவர்களிடமும் கூர்ந்து சிந்திக்கும் திறன் வளர்ந்திருந்தது. கிராமப்புறப் பள்ளிகளிலும் வறுமை மிகுந்த பள்ளிகளிலும் அந்த வளர்ச்சி கூடுதலாக இருந்தது. அதிகப் பயன் பெறக்கூடியவர்களையே நாம் வகுப்பறையில் விட்டுச் செல்கிறோம். எனவே செலுத்த இயலாதவர்களுக்கான தொகையைத் தொடக்கத்திலேயே மொத்தச் செலவுக்குள் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அந்த மாணவர்கள் யார் யார் என்பது வகுப்பாசிரியரைத் தாண்டி எவருக்கும் தெரிய வேண்டியதில்லை.