பாலைவனக் கமாண்டோ நாவல் எழுதப் போகிறீர்களா? முதலில் தண்ணீர்க் கணக்கைப் போடுங்கள்

துப்பாக்கியை அப்புறம் எடுக்கலாம். முதலில் ஒரு தாளை எடுத்து எத்தனை பேர், எத்தனை லாரி, போகவர எத்தனை கிலோமீட்டர், பெட்ரோல் எவ்வளவு, ஆளுக்குத் தண்ணீர் எவ்வளவு என்று எழுதுங்கள். நான் முதன்முதலில் முயன்றபோது மூன்று அத்தியாயம் முழுக்க டுமீல் டுமீல்தான்; படித்த நண்பன் ஒரே கேள்விதான் கேட்டான்: "ஆறு நாளா ஓடுறாங்களே, தண்ணி எங்கடா குடிச்சாங்க?" மூன்று அத்தியாயமும் குப்பைக்குப் போனது.

களத்துக்கு இரண்டாம் உலகப் போரின் 1941-42 லிபியா, எகிப்தை விடத் தோதான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு பக்கம் பிரிட்டிஷ், மறுபக்கம் ஜெர்மனி, இத்தாலி என்று பெரிய படைகளெல்லாம் கடலோரச் சாலையை ஒட்டியே மோதிக்கொண்டிருக்க, தெற்கே பெருமணல் கடலும் கல் தரையுமாக ஆளில்லாத வெளி கிடந்தது. அந்த வழியாகச் சுற்றிப் போனால் எதிரியின் முதுகுப்பக்கம் போய் நிற்கலாம் என்று சொன்னவர் பிரிட்டிஷ் அதிகாரி ரால்ஃப் பேக்னால்ட். போருக்கு முன்பே பொழுதுபோக்காக அந்த மணலில் கார் ஓட்டித் திரிந்தவர். 1940இல் அவர் தொடங்கிய நெடுந்தூர ரோந்துப் படையில் முதலில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நியூசிலாந்துக்காரர்கள்.

லாரியை ஒரு பாத்திரமாகவே எழுதுங்கள், அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. ரேடியேட்டர் கொதித்தால் ஆவி வீணாகாமல் குழாய் வழியாகப் பக்கத்திலுள்ள தண்ணீர் டப்பாவுக்குப் போய்க் குளிரும். எஞ்சின் ஆறியதும் அந்தத் தண்ணீரையே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அந்த டப்பாவில் ஒரு குண்டு பாய்ந்தால் போதும், உங்களுக்கு ஒரு அத்தியாயம் கிடைத்துவிட்டது. இளமணலில் டயர் காற்றை இறக்க வேண்டும், கல் தரை வந்ததும் மறுபடி அடிக்க வேண்டும். புதைந்தால் சக்கரத்துக்கு முன்னால் தோண்டி நீள இரும்புத் தகடுகளைச் செருகி, தள்ளி, பத்தடி நகர்ந்து, மறுபடி தோண்ட வேண்டும். வெயிலில் மின்னி விமானத்துக்குக் காட்டிக்கொடுக்கும் என்பதால் முன்கண்ணாடியையே கழற்றிவிடுவார்கள். பிரிட்டிஷ் பெட்ரோல் தகரங்கள் ஒழுகும். ஜெர்மானிய ஜெர்ரி கேன் ஒழுகாது, ஆகவே எதிரியின் கேன் கிடைத்தால் உங்கள் ஆட்கள் தங்கம் கிடைத்ததுபோல் அள்ள வேண்டும்.

வழி கண்டுபிடிப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். லாரியின் இரும்பு காந்த திசைகாட்டியைக் கெடுக்கும், அதனால் பகலில் சூரிய திசைகாட்டி: வட்டத் தட்டு, நடுவில் ஊசி, அதன் நிழல். கோடையில் உச்சி வேளைக்குச் சூரியன் தலைக்கு மேல் வந்தால் நிழல் சுருங்கிவிடும், வண்டி நிற்க வேண்டியதுதான். துரத்தி வருபவன் அரைமணி தூரத்தில் இருக்கும்போது அந்த நேரம் வரட்டுமே! இரவில் மற்றவர்கள் கம்பளிக்குள் சுருண்டிருக்க, வழிகாட்டி மட்டும் குளிரில் நட்சத்திரங்களை அளந்து இருக்குமிடத்தைக் கணக்கிடுவான். என்னைக் கேட்டால் கதாநாயகன் அவன்தான்.

சரி, தாக்குதல். எல்லாம் திட்டப்படி நடக்கும் தாக்குதலை யார் படிப்பார்கள்? டேவிட் ஸ்டிர்லிங் தொடங்கிய பிரிட்டிஷ் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ். ஆட்கள் 1941 நவம்பரில் முதல்முறை பாராசூட்டில் குதித்தது புயலுக்குள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், பாதிக்கும் குறைவானவர்களே திரும்பினார்கள். அதன்பிறகு நெடுந்தூரப் படையின் லாரியிலேயே போய் விமானத் தளங்களில் விமானங்களைக் கொளுத்தினார்கள். அதே நவம்பரில் ஜெர்மானியத் தளபதி ரோமலைத் தீர்த்துக்கட்ட இன்னொரு பிரிட்டிஷ் கமாண்டோ குழு லிபியாவின் பேடா லிட்டோரியாவில் ஒரு வீட்டுக்குள் புகுந்தது. தலைவர் ஜெஃப்ரி கீஸ் அங்கேயே இறந்தார். ரோமலோ அப்போது ஆப்பிரிக்காவிலேயே இல்லை, இத்தாலியில் இருந்தார். இதை நீங்களாகக் கற்பனை செய்து எழுதினால் நம்ப மாட்டார்கள்.

தப்பி வரும் பகுதிக்குத் தாராளமாகப் பக்கம் ஒதுக்குங்கள். 1941 ஜனவரி கடைசியில் தெற்கு லிபியாவின் ஜெபல் ஷெரிஃபில் நெடுந்தூரப் படை இத்தாலியரிடம் அடிவாங்கியபோது, காலில் காயம்பட்ட மூர் என்ற வீரரும் இன்னும் மூவரும் சரணடைய மறுத்து நடந்தார்கள்: பத்து நாள், 210 மைல், கையில் இரண்டு கேலனுக்கும் குறைவான தண்ணீர். சுதந்திர பிரெஞ்சுப் படையினர் கண்டெடுத்த பிறகும் அவர்களில் ஒருவர் பிழைக்கவில்லை.

உள்ளூர் மக்களை ஒட்டகம் ஓட்டும் பின்னணிப் பொம்மைகளாக்கிவிடாதீர்கள். தங்களை எதிர்த்துப் போராடிய லிபியத் தலைவர் உமர் முக்தாரை இத்தாலியர் 1931இல் தூக்கிலிட்டார்கள், கிழக்கு லிபியாவான சிரெனைக்காவின் நாடோடி மக்களைக் குடும்பம் குடும்பமாக முகாம்களில் அடைத்தார்கள். கூடாரத்தில் பிரிட்டிஷ்காரனை ஒளித்துவைக்கும் கிழவருக்கு அவன்மேல் பாசம் இருக்க வேண்டியதில்லை, பழைய கணக்கு இருந்தாலே போதும். தமிழ்ப் பாத்திரம் வேண்டுமென்றால் வலிந்து நுழைக்கத் தேவையில்லை. நான்காவது இந்திய டிவிஷனோடு மதராஸ் சாப்பர்கள் என்ற ராணுவப் பொறியாளர்கள் அந்தப் பாலைவனத்தில் இருந்தார்கள், கண்ணிவெடி அகற்றும் ஒருவனை அங்கிருந்து தாராளமாக இரவல் வாங்கலாம்.

முதல் அத்தியாயத்தைக் கெய்ரோ அலுவலகத்தில் வரைபடத்தின் முன்னால் தொடங்காதீர்கள். மூன்றாவது லாரி அச்சுவரை புதைந்திருக்கிறது, தகட்டைக் கீழே செருகுகிறார்கள், தூரத்தில் விமானச் சத்தம். அங்கே தொடங்குங்கள்.