கோர் தெ கார்த் மலைக்குக் காவடி எடுப்பவர்களுக்கு

மொரிஷியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாளாக இருப்பதால், அன்று காலையில் குளித்துவிட்டு மலையேறினால் போதும் என்று புதிதாக வேண்டிக்கொண்டவர்கள் நினைத்துவிடுகிறார்கள். காத்ர் போர்ன் நகருக்கு மேற்கே, ஏறத்தாழ 720 மீட்டர் உயரமுள்ள கோர் தெ கார்த் மலையின் சரிவில் வீற்றிருக்கும் முருகனுக்குக் காவடி எடுப்பவருக்கோ, பத்து நாட்களுக்கு முன்பு கொடியேறும்போதே யாத்திரை தொடங்கிவிடுகிறது.

அன்று முதல் மீன், முட்டை, இறைச்சி, மது எதுவும் கூடாது. வீட்டில் மற்றவர்கள் விரதம் இல்லையென்றால் உங்களுக்கெனத் தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் யாரோ பிறந்தநாள் கேக்கை நீட்ட, அதில் முட்டை இருப்பதை மறந்து வாயில் போட்டுக்கொள்வதுதான் முதலாண்டு விரதக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் அதை விரதத்தின் பெயரால் நிறுத்தக் கூடாது.

சிவகிரி, சக்திகிரி என்னும் இரண்டு மலைகளைத் தண்டின் இரு முனையிலும் கட்டி இடும்பன் சுமந்து வந்ததன் நினைவாகவே காவடியின் இருபுறமும் பால் செம்பு தொங்குகிறது. ஆகவே இரண்டு பக்கமும் எடை ஒத்திருக்க வேண்டும். முந்தைய நாளே, பூவும் இலையும் கட்டிய பிறகு, செம்பில் தண்ணீர் நிரப்பித் தோளில் வைத்து முற்றத்தில் நாலு சுற்று நடந்து பாருங்கள். வெறும் சட்டம் உறுத்தாத தோளைச் சுமையேறிய சட்டம் உறுத்தும். செம்பைப் புளி போட்டுத் துலக்கி நன்றாகக் காயவைத்து, பாலைக் காலையில்தான் ஊற்ற வேண்டும். விளிம்புவரை நிரப்பாமல் இரண்டு விரற்கடை விட்டு, வாயை வாழையிலைத் துண்டால் மூடி நூலால் இறுக்கிக் கட்டினால் படியேறும்போது சிந்தாது. பால் திரியாமல் சந்நிதி சேர்ந்தால் விரதம் குறையில்லை என்பது நம்மவர் நம்பிக்கை. வெயிலில் நின்று பேச்சை வளர்க்காதிருப்பதும் அதற்குத் துணைசெய்யும்.

அலகு குத்திக்கொள்ள விரும்புவோர் பழகிய கைகளிடம் மட்டுமே செல்லுங்கள். நாவில் வேல் தரித்தவருக்கு அது மௌன விரதமும் ஆகும். முதன்முறை வருபவர் பால்குடத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

ஜனவரி, பிப்ரவரி இங்கே கோடையின் உச்சம், புயல் பருவமும் அதுவே. வெறுங்காலில் நடப்பவருக்குப் படிகளைவிடத் தார்ச்சாலைதான் சோதனை. பத்து மணிக்குள் சாலையைக் கடந்துவிடுமாறு புறப்படுங்கள். மழை பெய்திருந்தால் படிகள் வழுக்கும், முதியவர்களைக் கைப்பிடித்து ஏற்றுங்கள். இந்நாட்டின் நான்கு நிலைப் புயல் எச்சரிக்கையில் 3 ஆம் நிலை விடுக்கப்பட்டால் வெளியே கிளம்பாதீர்கள். வீட்டுப் பூசையறையிலேயே பாலை அபிஷேகம் செய்யலாம். கார் நிறுத்த அன்று இடம் கிடைக்காது, மெட்ரோவில் காத்ர் போர்ன் வந்து நடப்பதே எளிது.

அபிஷேகம் முடிந்து இறங்கியதும் வாழையிலையில் ஏழு கறியோடு சோறு பரிமாறுவார்கள். ஒட்டிய வயிற்றோடு வந்தவர்கள் முதலில் ரசம் சிறிது குடித்துவிட்டு மெதுவாகச் சாப்பிடட்டும். வீடு திரும்பியபின் வாடிய இலை, பூக்களைக் கழற்றி மரத்தடியில் போட்டுவிட்டு, சட்டத்தைத் துடைத்து, அடுத்த ஆண்டுக்காகத் துணியில் சுற்றி உயரத்தில் வைத்துவிடுங்கள்.