வெயில் ஏறினால் நின்றுபோகும் ஜெனரேற்றர்: சூட்டோடு சூடாகக் காரணம் பிடிப்பது எப்படி?

காலையில் ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆகும். மதியம் ஏசியும் பிறிட்ஜும் ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றுவிடும். கயிற்றை எத்தனை தரம் இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. அரை மணி நேரம் விட்டால், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஓடும். திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கேம்பர் வானை நிறுத்துகிறவர்களும் கடற்கரையில் சாப்பாட்டு வான் போடுகிறவர்களும் கச்சான் காற்று அடிக்கும் காலம் முழுக்கச் சொல்லும் முறைப்பாடு இதுதான்.

பெரும்பாலானோர் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, ஒரு புது ஸ்பார்க் பிளக்கைப் போட்டுவிட்டு, சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். அடுத்த நாள் மதியம் அதே கதை. சூடு ஆறினால் பிழையும் ஒளிந்துகொள்ளும். அதனால் நின்ற முதல் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும். இங்கே சொல்வது காற்றால் குளிரும் சிறிய பெற்றோல் எஞ்சினுக்கு, டீசலுக்குப் பொருந்தாது.

கையோடு வைத்திருக்க வேண்டியவை

பிளக் கழற்றும் சாவி, ஸ்க்ரூ டிரைவர், தடித்த கையுறை, ஒரு சின்னத் தகரப் பேணி, பழந்துணி, ஒரு வெப்பமானி. இவற்றோடு ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று. பிளக்குக்கும் வயருக்கும் இடையே மாட்டினால், ஸ்பார்க் வரும்போது உள்ளே பளிச்சிடும் சின்னக் கருவி அது. விலை அதிகமில்லை. பிளக்கை வெளியே எடுத்து எஞ்சினில் தொடவைத்துப் பார்க்கும் பழைய முறையை விட்டுவிடுங்கள். சூடான எஞ்சினில் பெற்றோல் ஆவி நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நெருப்புப் பொறியை உண்டாக்குகிற வேலை அது.

இன்னொன்று. புகை வானுக்குள் போகக்கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை; தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சைலன்சர் வாய் யன்னல் பக்கம் பார்த்திருந்தால் முதல் வேலையாக அதைத் திருப்புங்கள்.

1. எப்படி நின்றது என்று கவனியுங்கள்

பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும். சுவிட்சை நிறுத்தினதுபோலச் சட்டென்று நின்றால் ஸ்பார்க் பக்கம், அல்லது ஒயில் சென்சர். ஏறி இறங்கி, இழுத்து இழுத்து, இருமி நின்றால் பெற்றோல் வரவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, கரண்ட் மட்டும் போனால், சுமை கூடும்போது கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர் விழுந்திருக்கிறது. அப்படியானால் நேரே 6ஆம் படிக்குப் போங்கள்.

2. டாங்கி மூடியைத் தளர்த்துங்கள்

மூடியில் காற்று உள்ளே போக ஒரு நுண்ணிய துவாரம் இருக்கும். கடற்கரையில் உப்பும் மணலும் சேர்ந்து அதை அடைத்துவிடும். பெற்றோல் குறையக் குறைய டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பெற்றோல் கீழே இறங்காது. மூடியை மெல்லத் தளர்த்தும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, அடுத்த இழுவையில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் விஷயம் முடிந்தது. மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், அல்லது புதிதாக வாங்குங்கள். ஸ்பார்க்குக்கு மின் கொடுக்கும் கொயில், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றர் என்று காசைச் செலவழிப்பதற்கு முன் பார்க்க வேண்டியது இந்த மூடியைத்தான்.

3. ஒயில் அளவு

சிறிய எஞ்சின்கள் பலவற்றில் ஒயில் குறைந்தால் ஸ்பார்க்கை நிறுத்திவிடும் சென்சர் இருக்கிறது. சூட்டில் ஒயில் இளகும், கொஞ்சம் எரிந்தும் போகும். அதோடு வான் மணலில் ஒரு பக்கம் சரிந்து நின்றால், அளவு ஓரளவு சரியாக இருந்தாலும் சென்சர் ஏமாந்துவிடும். சமதரையில் வைத்து அளவுகோலைப் பாருங்கள். குறைவென்றால் நிரப்பிய பிறகுதான் அடுத்த படி. எந்த ரகம் என்பதை எஞ்சினோடு வந்த கையேட்டில் வெப்பநிலை அட்டவணை பார்த்து எடுங்கள். கறுத்து, தண்ணீராக ஓடினால் மாற்றிவிடுங்கள்.

4. ஸ்பார்க் வருகிறதா, பெற்றோல் வருகிறதா

எஞ்சின் இன்னும் சூடாக இருக்கும்போதே டெஸ்டரை மாட்டிக் கயிற்றை இழுங்கள். பளிச்சிடவில்லையா? ஒயில் அளவு சரியாக இருந்தும் வரவில்லை, ஆனால் ஆறிய பிறகு வருகிறது என்றால் பெரும்பாலும் இக்னிஷன் கொயில்தான். உள்ளே மயிரிழைபோன்ற செப்புக் கம்பிச் சுற்று சூட்டில் விரிந்து, வெடித்த இடத்தில் தொடர்பு அறுந்துபோகும். ஆறியதும் திரும்ப ஒட்டிக்கொள்ளும். திருத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

ஸ்பார்க் இருக்கிறதென்றால் டெஸ்டரைக் கழற்றி, பிளக் தொப்பியை மாட்டிவிட்டு, காபரேற்றர் கிண்ணத்தின் அடியில் உள்ள சின்ன ஸ்க்ரூவைக் கொஞ்சமாகத் திறந்து பேணியில் பிடியுங்கள். சைலன்சர் கொதிக்கிறது, ஒரு சொட்டும் அதில் விழக்கூடாது. பக்கத்தில் சிகரெட், அடுப்பு எதுவும் வேண்டாம்.

கிண்ணம் வெறுமையா? குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகி வழியை அடைத்திருக்கலாம். பெற்றோலின் மெல்லிய பகுதிகள் கன்னியா வெந்நீர்க் கிணற்றுச் சூட்டிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். வானில் ஜெனரேற்றர் வைத்திருக்கும் பெட்டிக்குள் அதைவிடச் சூடு அதிகம். குழாய் சைலன்சருக்குப் பக்கத்தால் போகிறதா என்று பார்த்து, விலக்கிக் கட்டுங்கள், வெப்பம் தாங்கும் உறை போடுங்கள். பெற்றோலை வடிக்கும் பில்டரையும் மாற்றுங்கள்.

ஸ்பார்க்கும் உண்டு, பெற்றோலும் உண்டு, ஆனால் கயிறு வழக்கத்தைவிட லேசாக இழுபடுகிறதா? வால்வு இடைவெளி குறைந்து, சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் அமுக்கம் போகிறது. இது கராஜ் வேலை.

5. காற்று போகும் வழி

இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஆறிய பிறகு, கயிறு இருக்கும் பக்கத்து மூடியைக் கழற்றுங்கள். சிலிண்டரைச் சுற்றியுள்ள அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஒயிலும் மணலும் குழைந்து கட்டியாகப் படிந்திருக்கும். குளவி மண்கூடு கட்டியிருப்பதும் உண்டு. குச்சியால் கிளறி, காற்றடித்து எடுங்கள். எயார் பில்டரையும் சுத்தம் செய்யுங்கள்.

அடுத்தது பெட்டி. ஜெனரேற்றர் தான் வெளியே தள்ளிய சூட்டைத் தானே திரும்ப உள்ளிழுத்தால் எந்த எஞ்சினும் தாங்காது. ஓடும்போது வெப்பமானியைக் காற்று உள்ளே போகும் வாயில் வைத்துப் பாருங்கள், பிறகு வெளியே நிழலில் வைத்துப் பாருங்கள். பத்துப் பாகை செல்சியஸ் வித்தியாசம் வந்தால் சூடு சுற்றிச் சுற்றி வருகிறது என்று அர்த்தம். கச்சான் மேற்கிலிருந்து வரும் காற்று. சூடு வெளியேறும் பக்கம் மேற்கைப் பார்த்திருந்தால் காற்றே அதைப் பெட்டிக்குள் திருப்பித் தள்ளும். வானைத் திருப்பி அந்தப் பக்கத்தைக் கிழக்கே கடலைப் பார்க்க வையுங்கள். கடற்காற்று எழும்பினால் திரும்பவும் மாற்ற வேண்டிவரும். சலிப்பான வேலைதான், ஆனால் இதற்குச் செலவு சதம்கூட இல்லை.

6. சுமை

வெயில் ஏறினால் எஞ்சினின் வலு குறையும், ஏனென்றால் சூடான காற்று ஐதானது. அதே நேரம் ஏசி கொம்பிரசர் வழக்கத்தைவிட அதிகம் கரண்ட் இழுக்கும். இரண்டும் ஒரே மணிக்கு வந்து மோதுவதால்தான் மதியத்தில் விழுகிறது. ஜெனரேற்றரில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட் கணக்கு சில நொடிக்கான உச்சம். தொடர்ந்து தரக்கூடியது அதைவிடக் குறைவு, சின்ன எழுத்தில் இருக்கும். சோதிப்பது சுலபம்: ஏசியை நிறுத்தி, மின்விசிறியும் லைட்டும் மட்டும் போட்டு, அதே வெயிலில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். நிற்காமல் ஓடினால் ஜெனரேற்றரில் பிழையில்லை, கேட்பதுதான் அதிகம். ஏசி ஓடும்போது ரைஸ் குக்கரையும் கேத்திலையும் போடாதீர்கள். ஏசி ஸ்டார்ட் ஆகும் நொடியில் மட்டும் விழுந்தால் அதை ஸ்டார்ட் ஆக்க உதவும் கெப்பாசிட்டரைப் பார்க்கும்படி ஏசிக்காரரிடம் சொல்லுங்கள்.

கராஜுக்குக் கொண்டுபோவதானால்

எப்படி நின்றது, சூட்டில் ஸ்பார்க் இருந்ததா, கிண்ணத்தில் பெற்றோல் இருந்ததா என்ற மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு காலையில் போனால், பாஸ் ஒரே இழுவையில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டி, "இதில் ஒன்றும் இல்லையே" என்று திருப்பித் தந்துவிடுவார்.